கச்சேரியில் மகள் தூங்கினால் என்ன?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. பாட்டு வகுப்பு, பரத வகுப்பு இரண்டுக்கும் போகிறாள். ‘நிறையக் கச்சேரி, நடனம், நாடகம் பார்க்க வையுங்கள்’ என்கிறார் டீச்சர். கூட்டிப்போய் இது என்ன ராகம், என்ன தாளம் என்று பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அரை மணி நேரத்தில் தூங்கிவிடுகிறாள். அந்த நேரத்தில் வீட்டில் சாதகம் (பயிற்சி) செய்யலாமே என்கிறார் மாமனார். யூடியூபில் காட்டினால் போதாதா? அரங்கேற்றம் எத்தனை வயதில் வைக்கலாம்?
– ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: அரை மணி நேரம் காதோரம் கேள்வித்தாள் வாசித்தால் நானும் தூங்கிவிடுவேன் அம்மா. முதலில் அதை நிறுத்துங்கள்.

அடுத்த முறை மிருதங்கக்காரரின் கை தெரிகிற பக்கமாக, முன்னால் உட்காருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிச் சபை காப்பிக்கு எழுந்து போகும். நீங்கள் போகாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கச்சேரியில் சட்டென்று பிடிபடுவது அதுதான். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளமாக இருந்தால் அவள் மடியில் தாளம் போட்டுக்கொண்டே வரட்டும். வாசிக்கிறவர் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பல்லவி எடுத்த இடத்தில் கச்சிதமாக வந்து விழும்போது அவள் முகத்தைப் பாருங்கள். அப்புறம் தூக்கம் வந்தால் வீட்டுக்குக் கிளம்புங்கள். கொடுத்த டிக்கெட் காசுக்காகக் கடைசிவரை பிடித்து உட்கார வைக்க வேண்டாம். மீனாட்சி கோயில் நவராத்திரிக் கச்சேரிகளுக்கு அந்தக் கவலையும் இல்லை.

பரதம் இன்னும் எளிது. முதல் உருப்படியான அலாரிப்பில் கண், கழுத்து, தோள் என்று ஒவ்வொன்றாக அசையத் தொடங்கும்போதே தனக்குத் தெரிந்தது அவளுக்குத் தட்டுப்படும். வகுப்பில் கால் வலிக்க வலிக்கப் போட்ட நாட்டடவு என்ற அடிப்படை அசைவு, அடுத்து ஸ்வரங்களுக்கு ஆடும் ஜதிஸ்வரத்துக்குள் வந்தால், “அம்மா, இது நம்ம அடவு” என்று அவளே உங்களைக் கிள்ளுவாள்.

நாடகத்துக்குத்தான் நீங்கள் எங்கும் கூட்டிப்போனதாகத் தெரியவில்லை. மதுரையில் இருந்துகொண்டு! நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் பிள்ளைகளை மட்டும் வைத்து நாடக சபை தொடங்கிய ஊர் இது. பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயதுதான். சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமணம்’ இன்றும் மேலூர், சிவகங்கை பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம் எல்லாரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒன்றாகச் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. மேடையில்தான் சந்திப்பு. நாரதர் பாட்டிலேயே ஒரு கேள்வியைப் போட்டால், வள்ளி அதைக் காதில் வாங்கி, ஆர்மோனியக்காரர் பிடித்துத் தரும் சுருதியிலேயே நின்று பதிலைத் திருப்ப வேண்டும். அடுத்தவர் பாடும்போது கூர்ந்து கேட்காவிட்டால் அங்கே பிழைக்க முடியாது. எந்த வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொடுக்க வழியில்லை, கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. முதலில் வரும் பபூன், டான்ஸ் பகுதியில் பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்த நேரம் பிள்ளை பாயில் படுத்துத் தூங்கட்டும், அந்தத் தூக்கம் நல்லதே. வள்ளி தினைப்புனம் காக்க வரும்போது எழுப்பிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்து வருகிறது.

யூடியூப் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரே கீர்த்தனையை மூன்று பேர் எப்படிப் பாடுகிறார்கள் என்று கேட்க அதைவிட வசதி ஏது? ஆனால் அதில் எங்கே பார்ப்பது என்பதைக் கேமராக்காரர் முடிவு செய்துவிடுகிறார். பாடுகிறவர் முகத்தையே காட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரம் வயலின்காரர் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடகரின் வாயையே பார்த்துக் காத்திருப்பது திரையில் வராது. பிள்ளைகள் நேரில் பார்ப்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஓரத்துச் சங்கதிகளைத்தான்.

மாமனாருக்கு வருகிறேன். சாதகத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றச் சொல்லவில்லை. அன்றாடம் சாதகம் நடக்கட்டும், மாதம் ஒரு நாள் பார்க்கப் போங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் இசைத்தட்டில் பாடினாரே, அவர் எங்கே போய்ப் பார்த்தார் என்று கேட்பார். அந்த வீட்டில் அம்மா சண்முகவடிவு வீணை, பாட்டி அக்கம்மாள் வயலின். கேட்பதற்கு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டில் மாலையில் என்ன ஓடுகிறது என்று மாமனாரிடமே கேளுங்கள்.

அரங்கேற்றத்தை நீங்களும் மாமனாரும் வயதைக் கணக்குப் போட்டு முடிவு செய்ய முடியாது. டீச்சர் சொல்லட்டும். அதுவரை மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.