மேல்மாடி வயரிங்கும் 90,000 ரூபாவும்

கேள்வி: கோண்டாவிலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்டினோம். வயரிங் வேலையை ஊர்த் தம்பி ஒருவரிடம் 280,000 ரூபாவுக்குப் பேசிக் கொடுத்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. மேல்மாடிக்குத் தனி மீற்றர் கேட்டு விண்ணப்பித்தபோது பரிசோதிக்க வந்தவர் மூன்று குறை எழுதித் தந்துவிட்டு, இணைப்புத் தரமுடியாது என்று போய்விட்டார். உருண்டைப் பின் சொக்கெட் இரண்டு இருக்கிறதாம், குளியலறைக்குள் பிளக் பொயின்ற் இருக்கிறதாம், தண்ணீர் மோட்டர் லைன் ட்ரிப் சுவிச்சுக்கு வெளியால் போகிறதாம். தம்பியோ, "எத்தனையோ வீடு இப்பிடித்தான் செய்தனான், அவருக்குக் காசு வேணும், அதுதான் ஆட்டம்" என்கிறார். நான் மிச்சம் 90,000 ரூபாவைக் கொடுக்கவில்லை. அவர் கோயிலடியில் நின்று என்னைப் பற்றிக் கண்டபடி கதைக்கிறார். இரவில் தூக்கமே இல்லை. இருவர் மீதும் வழக்குப் போடலாமா? மேலே ஏற்கெனவே கம்பஸ் பிள்ளைகள் வாடகைக்கு வந்துவிட்டார்கள். இப்போதைக்குக் கீழ் வீட்டிலிருந்து ஜன்னலால் வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பதில்: கோயிலடிக் கதையை விடுங்கள். மானநட்ட வழக்கு என்று போனால் சாட்சி சொல்ல வரவேண்டியவர்கள் உங்கள் அயலவர்கள். ஒருவரும் வரமாட்டார்கள்.

பரிசோதகர் உங்களிடம் காசு கேட்டாரா? நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு வரி இல்லை, தம்பி சொன்னது மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இலஞ்ச ஆணைக்குழுவுக்கு எழுதப் போகாதீர்கள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில், பொய்யென்று தெரிந்துகொண்டு முறைப்பாடு செய்வதும் குற்றம்தான். அவர் எழுதித் தந்த குறைகளும் கற்பனை அல்ல. வீட்டுப் பாவனைக்கு 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெட்தான் இப்போது இலங்கையின் தேசிய தரம். ஹோலுக்கு இன்னும் நாலு பொயின்ற் வேண்டும் என்று அவர் அடம்பிடித்திருந்தால் நானே உங்களுக்காக வாதாடுவேன், ஏனென்றால் எத்தனை பொயின்ற் என்பது பெரும்பாலும் உங்கள் வசதியைப் பொறுத்தது. அவர் கேட்டது அது அல்ல. இதற்குப் பிறகும் மேலே போகத்தான் வேண்டும் என்றால் முதலில் பிரதேச மின் பொறியியலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், அங்கே சரிவராவிட்டால் கொழும்பில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. போய் வெல்வீர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் விடயத்தில் சட்டத்துக்கு முக்கியமானது ஒன்றே ஒன்று: தம்பி எதுவரைக்கும் பொறுப்பெடுத்தார்? வயர் இழுத்து பொயின்ற் பூட்டுவது வரைக்குமா, மீற்றர் வந்து கரண்ட் ஏறுவது வரைக்குமா? எழுத்தில் இல்லாவிட்டாலும் இது வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான். வேலை பேசின நாட்களில் அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். "மீற்றர் பூட்டும்வரை நான் பாத்துத் தாறன் அண்ணை" என்ற மாதிரி ஒரு வசனம் கிடைத்தால் உங்கள் பக்கம் பாரமாகும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் அதைச் சாட்சியமாக வைக்கலாம். போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனை எறிந்துவிடாதீர்கள்.

அதே போனில் உங்களுக்கு எதிரானதும் இருக்கலாம். உருண்டைப் பின் சொக்கெட்டை அவர் தன் பாட்டில் பூட்டினாரா, அல்லது பழைய மோட்டரின் பிளக்கை மாற்றச் சோம்பல்பட்டு நீங்கள் கேட்டுப் பூட்டுவித்தீர்களா? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை. சொல்லாமல் விடுகிற இடத்தைத்தான் சட்டத்தரணிகள் நாங்கள் முதலில் பார்ப்போம். நீங்கள் கேட்டிருந்தால், வேலை தெரிந்தவர் என்ற முறையில் மறுத்திருக்கவேண்டியது அவருடைய கடமை என்று வாதாடலாம். ஆனால் முழு நட்டத்தையும் அவர் தலையில் கட்ட முடியாது.

சரி, இதெல்லாம் காசுச் சண்டை. எனக்குப் பயமாக இருப்பது உங்கள் கடைசி வரி. ஜன்னலால் போகும் அந்த வயர்.

இன்று கீழ் வீட்டிலிருந்து மேலே மின்சாரம் போகிறது. மேலே மோட்டர் லைன் ட்ரிப் சுவிச்சில் சேராமல் கிடக்கிறது. மழைக்காலத்தில் ட்ரிப் சுவிச் சும்மா சும்மா விழுகிறது என்று வீட்டுக்காரர் முறைப்பட, வேலைகாரர் அந்த லைனை மட்டும் வெளியால் எடுத்துவிடுவது இங்கே ஊர் வழக்கம். 30 மில்லிஅம்பியர் கரண்ட் கசிந்தாலே விழுந்து மின்சாரத்தை வெட்டவேண்டிய சுவிச் அது. ஈரக் கையோடு ஒரு பிள்ளை அந்த மோட்டரைத் தொட்டால் சுவிச் விழாது. போதாததற்குக் குளியலறைக்குள்ளும் பிளக் பொயின்ற் இருக்கிறது.

நேற்றுவரை "எனக்குத் தெரியாது, வேலைகாரரை நம்பினேன்" என்று சொல்ல உங்களுக்கு ஒரு வழி இருந்தது. பரிசோதகர் குறைகளை எழுதிக் கையில் தந்த நிமிடத்தோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆபத்து இருப்பது தெரிந்தும் வாடகை வாங்கிக்கொண்டு ஆட்களை இருத்தியவர் என்றுதான் நீதிமன்றம் உங்களைப் பார்க்கும். காயம் என்றால் நட்டஈடு. உயிர் போனால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. பொலிஸ் முதலில் தட்டுவது வீட்டுக்காரரின் கதவை. தம்பியைப் பிறகுதான் தேடுவார்கள், அவரும் "அண்ணை சொல்லித்தான் செய்தனான்" என்பார். காசுக் கணக்கில் கண்ணாக இருந்து, இந்தப் பக்கத்தைப் பாராமல் விட்டு மாட்டுப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே வயரைக் கழற்றுங்கள். பிள்ளைகளுக்கு இந்த மாத வாடகையைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தால் கொடுங்கள்.

அடுத்த பொறி, அவசரப்பட்டு வேறு ஆளைக் கொண்டு எல்லாவற்றையும் கழற்றி மாற்றுவது. கழற்றிய பிறகு அங்கே என்ன இருந்தது என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும். முதலில் ஒவ்வொரு சொக்கெட்டையும், ட்ரிப் சுவிச் பெட்டியைத் திறந்தும், படம் எடுங்கள். குறைகளைத் திருத்தித் தரச் சொல்லித் தம்பிக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். தகைமைச் சான்றிதழ் உள்ள இன்னொரு மின்னியலாளரிடம் திருத்தச் செலவை எழுத்தில் எடுங்கள்.

வழக்குப் போடலாமா என்றால், போடலாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு உங்களுக்கு மூன்று வருட அவகாசம் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு என்றால் வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போகவேண்டும். தம்பிக்குத்தான் நேரம் குறைவு: 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டத்தில் செய்த வேலைக்கான கூலியை ஒரு வருடத்துக்குள் வழக்காக்கிவிடவேண்டும். இதை வாசித்ததும், ஒரு வருடம் இழுத்துவிட்டால் 90,000 மிச்சம் என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றவேண்டாம். மீற்றர் கிடைக்க, வயரிங்கைச் சோதித்துப் பார்த்ததாகக் கையெழுத்து வைத்த ஒரு றிப்போட் வேண்டும். சுவருக்குள் பைப்பில் என்ன வயர் போகிறது என்று தெரிந்தவர் தம்பி மட்டும்தான். வேறு யாரும் அதைப் பரிசோதிக்காமல் கையெழுத்து வைத்தால் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். பரிசோதிக்கச் சுவரை உடைக்கவேண்டி வந்தால் 90,000 எங்கே காணும்?

ஆகவே சமாதானமாகப் போங்கள். மத்தியஸ்த சபையில் வைத்துப் பேசினாலும் சரி, உங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை வைத்துப் பேசினாலும் சரி. தம்பி மூன்று குறையையும் தானே திருத்தவேண்டும். உருண்டைச் சொக்கெட்டை நீங்கள் கேட்டிருந்தால் அந்தச் சாமான் காசு உங்களுடையது, மோட்டர் லைனும் குளியலறையும் அவருடைய செலவு. மோட்டர் லைனைத் திரும்ப ட்ரிப் சுவிச்சில் சேர்ப்பதில் மட்டும் பேரம் பேசாதீர்கள், "பிறகு பாப்பம்" என்ற சொல்லையும் ஏற்காதீர்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். 30,000 ரூபாவைத் திருத்த வேலை தொடங்கும்போது கொடுத்து ரசீது வாங்குங்கள். மிச்சம் 60,000 ரூபா, மறுபரிசோதனை முடிந்து மீற்றர் பூட்டுகிற அன்று.