பெலெம் கடையின் வரிசையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு லிஸ்பன் போகிறோம். பெலெம் பகுதிக்கு அரை நாள்தான் ஒதுக்க முடிகிறது. அங்கே பாஸ்டெல் என்னும் சின்ன முட்டை இனிப்பு விற்கும் பழைய கடையில் எப்போதும் தெரு வரைக்கும் வரிசை நிற்கும் என்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, வெகுநேரம் நிற்க முடியாது. முட்டை சாப்பிடுவார், இறைச்சி தொடமாட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா? ஒரு பெட்டி வாங்கி ஊருக்குக் கொண்டுவர முடியுமா? (வாசகி, கோவை)

பதில்: தாராளமாகப் போங்கள். நீங்கள் கேள்விப்பட்ட அந்த வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம்.

பாஸ்டெய்ஸ் டி பெலெம் கடையின் வாசலில் நடைபாதையை அடைத்து நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் பார்சல் வாங்க வந்தவர்கள். உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு வழி வேறு. வெளியிலிருந்து பார்த்தால் நீலக் கூரைத்துணி போட்ட சின்னக் கடையாகத்தான் தெரியும். உள்ளே போனால் அறைக்குப் பின் அறையாக நீண்டுகொண்டே போகும். சுவரெல்லாம் நீலமும் வெள்ளையுமான பழைய ஓடுகள். நடுவில் கண்ணாடிக்குப் பின்னால் வேலை செய்பவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உட்காரும் இடம் அது. மேசைக்கும் சில வேளைகளில் வரிசை இருக்கும், ஆனால் அது வேகமாக நகரும். வாசலில் நிற்கும் ஊழியரிடம் 'மேசா' என்று சொல்லி, எத்தனை பேர் என்று விரலைக் காட்டினால் போதும். மாமியாருக்கு நாற்காலியும் கிடைக்கும், கழிவறையும் உள்ளேயே இருக்கிறது. வயதானவர்களோடு போகும்போது இது சின்ன விஷயமில்லை.

கூட்டத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, அந்தக் கூட்டம் இருப்பதால்தான் பண்டம் சூடாகக் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு 20,000-க்கும் மேல் விற்பதாகச் சொல்கிறார்கள். அடுப்பிலிருந்து வந்த தட்டு ஆறுவதற்குள் காலியாகிவிடும். கூட்டமில்லாத கடையில் காலையில் சுட்டதை மதியம் எடுத்துத் தருவார்கள். இந்தப் பண்டத்துக்கு அது ஆகாது. வெளியே உள்ள மாவு ஓடு மொறுமொறுவென்றும் நடுவில் உள்ள முட்டைப்பால் கூழ் வெதுவெதுப்பாகவும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அதன் முழு ருசி.

சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே கருப்புத் திட்டுகள் இருக்கும். தீய்ந்துவிட்டது என்று ஒதுக்காதீர்கள், கடும் சூட்டில் சர்க்கரை கருகிப் பொரிந்த இடம் அது, அந்த லேசான கசப்பு வேண்டும். மேசையிலேயே பட்டைத்தூளும் பொடித்த சர்க்கரையும் இருக்கும். முதலில் பட்டைத்தூள், அப்புறம் விரும்பினால் சர்க்கரை. கரண்டி வேண்டாம், கையில் எடுத்துக் கடியுங்கள். கடிக்கும்போது ஓடு நொறுங்கும் சத்தம் காதில் விழ வேண்டும். ஆளுக்கு இரண்டு என்று சொல்லிவிடுங்கள், ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. கூடவே 'பிக்கா' கேட்டால் சின்னக் கோப்பையில் கடுங்காப்பி வரும். நம் ஊர்ப் பால் காப்பிக்குப் பக்கத்தில் வருவது 'கலாவ்'.

அடுத்து மாமியாரின் சாப்பாடு. முட்டை மஞ்சள் கரு, பால், சர்க்கரை, மைதா ஆகியவைதான் இந்த வகைப் பண்டத்துக்கு அடிப்படை. ஆனால் இந்தக் கடை தன் செய்முறையை வெளியே சொல்வதில்லை. மாவும் கூழும் தனி அறையில் தயாராகின்றன, அந்த விவரம் தெரிந்தவர்கள் ஒரு சிலர்தான். போர்ச்சுகலின் பழைய இனிப்புகள் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. அதனால் விலங்குக் கொழுப்பே ஆகாது என்பவர் என்றால், 'தெங் பான்யா?' என்று கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். 'பன்றிக்கொழுப்பு இருக்கிறதா' என்பதுதான் கேள்வி. ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிக் கேட்டால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி கடைக்காரர் சொல்லியாக வேண்டும், ஆனால் பன்றிக்கொழுப்பு அந்தப் பட்டியலில் வராது. அதனால் வாய்விட்டுக் கேட்பதுதான் சரி. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கார வகைகளில் பெரும்பாலும் இறைச்சியோ மீனோ இருக்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இவ்வளவு முட்டைக் கரு எதற்கு என்று தோன்றலாம். போர்ச்சுகலின் மடங்களில் துணிக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக் கருவைப் பயன்படுத்தினார்கள், மிஞ்சிய மஞ்சள் கரு இனிப்பாயிற்று என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் காரணம். 1834-இல் நாடு முழுக்க ஆண் துறவிகளின் மடங்களை அரசு மூடியது. பிழைப்புக்காக ஜெரோனிமோஸ் மடாலயத்தைச் சேர்ந்தவர்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலையை ஒட்டிய கடையில் இந்தப் பண்டத்தை விற்கத் தொடங்கினார்கள். 1837-இல் இப்போதைய கடை பிறந்தது. அந்த மடாலயம் சில நிமிட நடையில்தான் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வராதீர்கள். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கே தேவாலயத்துக்குள் இருக்கிறது. நம் கடற்கரைகளிலிருந்து போன மிளகு முதலான சரக்குகளின் வரிப்பணம் அந்தக் கட்டடத்தில் கல்லாக நிற்கிறது. அந்தத் தூண்களின் செதுக்கலைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். திங்கட்கிழமை மடாலயம் மூடியிருக்கும், கடை திறந்திருக்கும்.

நேரம்: காலை 9 மணிக்கு முன் போய் முதலில் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு மடாலயம். சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கியபின் பிற்பகல் வரை நெரிசல்தான். வார இறுதியில் ஊர்க்காரர்களும் வருவார்கள்.

போக்குவரத்துக்கு எல்லோரும் 15ஈ டிராமைச் சொல்வார்கள். அதில் நிற்கக்கூட இடம் கிடைக்காத நேரங்கள் உண்டு, ஜேப்படிக்காரர்களும் உண்டு. நகர மையத்தில் உள்ள காய்ஸ் டு சொத்ரே நிலையத்திலிருந்து வரும் ரயில் வேகமானது, ஆனால் பெலெம் நிலையத்தில் இறங்கித் தண்டவாளத்தையும் சாலையையும் கடக்க வேண்டும். முழங்கால் வலியோடு அந்தப் பாடு எதற்கு? நகர மையத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். குடும்பமாக டாக்ஸியில் போனால் தலைக்கு அதிகம் வராது.

எவ்வளவு முயன்றும் உள்ளே இடமில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். நகர மையத்தில், கமோன்ஷ் சதுக்கத்தை ஒட்டி மான்தெய்காரியா கடை இருக்கிறது. புதுத் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் மணி அடிப்பார்கள். இதே வகைப் பண்டத்தை அங்கே 'பாஸ்டெல் டி நாட்டா' என்று கேளுங்கள், பெலெம் பெயர் பெலெமில் உள்ள அந்த ஒரு கடைக்கே உரியது. ருசியில் மான்தெய்காரியாதான் மேல் என்பவர்கள் லிஸ்பனிலேயே நிறையப் பேர். என்னைக் கேட்டால், கூழில் மான்தெய்காரியா, ஓட்டில் பெலெம்.

கோவைக்குப் பெட்டி வேண்டாம். சில மணி நேரத்தில் கூழின் ஈரம் ஓட்டில் இறங்கிச் சவசவத்துவிடும். பால், முட்டை சேர்ந்த பண்டம் நீண்ட விமானப் பயணத்துக்கும் ஏற்றதல்ல. தங்கும் அறைக்கு வேண்டுமானால் ஆறு வாங்குங்கள், பட்டைத்தூளையும் சர்க்கரையையும் சின்னப் பொட்டலமாகக் கூடவே தருவார்கள். அன்று இரவுக்குள் தீர்த்துவிடுங்கள். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், ஓடு துவண்டுவிடும். அறையில் ஓவன் இருந்தால் நன்றாகச் சூடேற்றிச் சில நிமிடம் வையுங்கள். இல்லாவிட்டால் ஆறினபடியே சாப்பிடலாம்.