டெண்டர் கைவிட்டுப் போனால் முதல் கதவு எது?

கேள்வி: கோவையில் சிறிய கணினி நிறுவனம் நடத்துகிறோம். மாநில அரசு நிறுவனம் ஒன்றின் சர்வர் பராமரிப்பு டெண்டரில் எங்களை டெக்னிக்கல் கவரிலேயே (விலையைத் திறக்கும் முன் தகுதியைப் பார்க்கும் கட்டம்) தள்ளிவிட்டார்கள். 'முன் அனுபவச் சான்று போதாது' என்று ஒரே வரியில் காரணம். ஆர்டர் வேறொருவருக்குப் போய்விட்டது. நேரே ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஆனால் தூங்கியும் விடாதீர்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் 11-ஆவது பிரிவுப்படி, டெண்டர் ஏற்பு அதிகாரியின் ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இதை விட்டுவிட்டு ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டால், "அந்த வழி இருக்கிறதே, ஏன் போகவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஆணை எந்தத் தேதியில் வந்தது என்பதற்குத் தபால் உறை, மின்னஞ்சல் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள்.

மனுவில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "நிபந்தனையே அநியாயம், பெரிய கம்பெனிக்காகப் போட்டது" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அது ப்ரீ-பிட் கூட்டத்திலேயே (டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்க நடத்தும் கூட்டம்) எழுத்தில் கேட்டிருக்க வேண்டியது. நிபந்தனையை ஏற்று விலை போட்டுவிட்டு, தோற்றபின் அதைக் குறை சொன்னால் எடுபடாது. டெண்டர் ஆவணத்தையும் உங்கள் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவணம் 'இதே போன்ற பணி' என்று மட்டும் கேட்டிருக்க, அதிகாரி 'முடிந்த பணி' வேண்டும் என்று சொல்லி, நடந்துகொண்டிருக்கும் ஏ.எம்.சி.க்கான (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) சான்றைத் தள்ளியிருந்தால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. ஆவணத்திலேயே 'முடிந்த பணி' என்று இருந்தால், சரி, செலவழிக்காதீர்கள். அதே குறை உள்ள சான்றை வெற்றி பெற்றவரிடம் ஏற்றுக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? மற்ற டெண்டர்களை நிராகரித்த காரணத்தை டெண்டர் இதழுக்கு (டெண்டர் விவரங்கள் வெளியாகும் அரசு இதழ்) அனுப்ப வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. முதலில் அதைப் பாருங்கள். மதிப்பீட்டுத் தாளை எழுத்தில் கேளுங்கள். ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுவும் போடலாம், ஆனால் பதிலுக்கு 30 நாள் கெடு. அதற்காக மேல்முறையீட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

மேல்முறையீடும் தோற்றால் ஹைகோர்ட். அங்கே தடையாணை எளிதில்லை. 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், டெண்டர் முறைகேடாக வழங்கப்பட்டிருந்தாலும் வேலையை நிறுத்துவதைவிட இழப்பீடு கேட்க அனுப்புவதே மேல் என்றது. அது ஜார்க்கண்டில் ஒரு சாலைப் பணி. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதை நீட்டாமல் விடமாட்டார். ஆகவே புதிய நிறுவனம் சர்வர் அறைச் சாவியை வாங்குவதற்கு முன்பே, மேல்முறையீட்டுடன் சேர்த்து இடைக்காலத் தடையும் கேட்டுவிடுங்கள்.