பைத்தனில் புது லைப்ரரி ஒன்றைச் செஷனுக்குள் இருந்தே அலசுவது எப்படி?

"லைப்ரரிக்குள் என்னென்ன உண்டென்று பட்டியலிடும் டிர் கட்டளையைப் போட்டால் பெயர்கள் மளமளவென்று கொட்டுகின்றன, எது எதற்கென்று விளங்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் பிரவுசரைத் திறக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பைத்தன் பொதிகளை நிறுவும் பிப் மூலம் ஐபைத்தனைப் போட்டுக்கொள்ளுங்கள், அது போதும். கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி உடனுக்குடன் விடை பார்க்கும் பைத்தன் செஷனின் வசதி கூடிய வடிவம் அது.

டிர் கொட்டுவதில் பெரும்பங்கு அடிக்கோட்டில் தொடங்கும் உள்வேலைப் பெயர்கள். ஐபைத்தனில் புள்ளி வைத்து டாப் விசையை அமுக்கினால் அவை வராது. தேவையானால் புள்ளிக்குப் பின் ஓர் அடிக்கோடு போட்டு அமுக்குங்கள். பெயரின் பின்னால் ? போட்டால் விளக்கம், ?? போட்டால் அதன் மூல நிரலே (சோர்ஸ் கோட்) வரும். சீ மொழியில் எழுதிய பங்ஷனுக்கு ?? போட்டாலும் விளக்கம் மட்டுந்தான். கோட் இல்லையே என்று தேடி மினக்கெட வேண்டாம். பெயர் பாதிதான் ஞாபகமென்றால் அதன் இருபுறமும் நட்சத்திரக் குறி வைத்து ? போடுங்கள்.

பழகிப் பார்க்க நம்மூர் நேரமே நல்ல உதாரணம். நேர வலயங்களுக்கான சோன்இன்ஃபோ மொடியூலில் ஏசியா/கொழும்பு வலயத்தை எடுத்து, 2000 ஜனவரி 1க்கு ஒரு டேட்டைம் (திகதியும் நேரமும் கொண்ட மதிப்பு) செய்து, அதன் யுடிசி ஒஃப்செட்டை, அதாவது உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கேளுங்கள். 21600 விநாடி என்று வரும். பிரிண்ட்டுக்குள் போட்டால் 6:00:00 என்று படிக்கிற மாதிரி வரும். 2007க்குக் கேட்டால் 5:30:00. பிழையில்லை, 2006 ஏப்ரலில்தான் இலங்கை பழைய ஐந்தரை மணித்தியால வித்தியாசத்துக்குத் திரும்பியது. பழைய தரவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரை கூட்டுபவர்கள் அரை மணித்தியாலம் பிசகுவது இதனால்தான். விண்டோஸில் வலயமே கிடைக்கவில்லை என்று எரர் வந்தால் டிஇசட்டேட்டா (tzdata) பொதியைப் பிப்பில் போடுங்கள். விண்டோஸ் அந்தத் தரவைத் தன்னோடு வைத்திருப்பதில்லை.

பங்ஷன் அழைப்பின் அடைப்புக்குறிக்குப் பின் புள்ளி வைத்தால் டாப் பலவேளை மௌனம் சாதிக்கும். விடை என்ன வகை என்று அறிய அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டினால் ஒரு ஃபைலே அழியலாம் என்பதால் டாப் அதைத் தானாக ஓட்டுவதில்லை. ஆகவே நீங்களே ஓட்டி, விடையை ஒரு மாறியில் வாங்கிவிட்டு அதன் மேல் டாப் அடியுங்கள்.

நீங்களே திருத்துகிற மொடியூல் என்றால் செஷன் தொடங்கியதுமே, மாறிய மொடியூல்களைத் தானாக மீண்டும் ஏற்றும் ஓட்டோரீலோட் என்ற ஐபைத்தன் நீட்சியை ஏற்றி 2ஆம் நிலையில் வையுங்கள். வெறுமனே மறுபடி இம்போர்ட் செய்தால் பைத்தன் நினைவிலிருக்கும் பழைய பிரதியையே கொடுக்கும். சீயில் தொகுத்த பொதியைப் புதுப்பித்திருந்தால் செஷனை மூடித் திறக்கத்தான் வேண்டும்.