அப்பாவுக்கு ஏன் தனிக் கூடாரம்?

கேள்வி: ஜூலையில் நமீபியா போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 72 வயது அப்பா. டமாராலாந்தில் ஊர்மக்களே நடத்தும் பாலைவன முகாமில் மூன்று இரவு தங்கல். கூடாரம், சோலார் மின்சாரம், வாளிக் குளியல். கேமரா, போன் சார்ஜ் ஆகுமா? வெந்நீர் கிடைக்குமா? என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? நாங்கள் நால்வரும் பெரிய கூடாரத்தில் படுப்போம். அப்பா பிரஷர் மாத்திரை போடுவதால் ராத்திரி இரண்டு தடவை எழுவார். பிள்ளைகள் தூக்கம் கெட வேண்டாமென்று அவருக்குத் தனியாக ஒன்று சொல்லியிருக்கிறோம்.

பதில்: கேமரா முதலில் வருகிறது, அப்பா கடைசியில் வருகிறார். நான் கடைசியிலிருந்தே தொடங்குகிறேன், தம்பி.

நீங்கள் போகிற இடத்தில் பெரும்பாலும் வேலி கிடையாது. வசதி போதாமல் விட்டுவிட்டதில்லை அது. 1996 சட்டத்துக்குப் பிறகுதான் நமீபியாவில் ஊர்மக்கள் கூட்டமைப்பு அமைத்து, தங்கள் நிலத்து வனவிலங்குகளிலிருந்து வருமானம் பெறும் உரிமை வந்தது. டமாராலாந்தின் டோரா கூட்டமைப்பு 1998இலேயே பதிவானது. விலங்கு தடையில்லாமல் நடந்தால்தான் அவர்களுக்குச் சோறு. ஹுவாப், அபா ஹுவாப் வறண்ட ஆறுகளில் திரியும் பாலைவன யானைகள் தண்ணீர்க் குழாயையும் அனா மரத்துக் காய்களையும் தேடி முகாமுக்குள்ளேயே வரும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதெல்லாம் கோயில் யானைக்கு. இங்கே மணியும் இல்லை, மணலில் காலடிச் சத்தமும் இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு, அரைத்தூக்கத்தில், செருப்பைத் தேடி, தள்ளியிருக்கும் பொதுக் கழிப்பறைக்கு உங்கள் அப்பா தனியாக நடக்கிறார். திரும்பி வந்தவர் ஜிப்பைப் பாதியில் விட்டுவிடுகிறார். வரிக்குதிரைப் பாம்பு என்று அங்கே சொல்லும் நாகம் தூங்குகிறவர்களைக் கடிப்பதற்குப் பேர்போனது. இதையெல்லாம் யோசித்தா தனிக் கூடாரம் சொன்னீர்கள்?

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. தான் தொந்தரவு என்று பெரியவருக்குப் புரிந்துவிட்டால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார். பாலைவனக் காற்று வியர்வை தெரியாமலே உடம்பைக் காயவைக்கும். அதோடு சிறுநீர் போக்கும் மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கித் தலை சுற்றும். விழுந்து இடுப்பு முறிந்தால், தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பக்கத்து ஊர் கோரிக்ஸாஸ். டமாராலாந்தின் ட்வைஃபல்ஃபோன்டைன் பகுதியிலிருந்து அது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், பெரும்பகுதி சரளைச் சாலை.

ஆகவே கூடாரக் கணக்கை மாற்றுங்கள். மனைவியும் பிள்ளைகளும் ஒன்றில், நீங்களும் அப்பாவும் ஒன்றில். ஜிப் பக்கம் நீங்கள் படுங்கள். அவருக்குத் தரைமெத்தை வேண்டாம்; முழங்கால் மடங்காது. நாற்காலி உயரக் கட்டில் இருக்கிறதா, கழிப்பறை ஒட்டிய கூடாரம் இருக்கிறதா என்று இன்றே முகாமுக்கு எழுதிக் கேளுங்கள். இருந்தால் கூடுதல் காசைக் கொடுத்து எடுங்கள். இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் மூடி வைத்த சிறுநீர்க் குடுவை, ஒரு லிட்டருக்குக் குறையாமல், இரண்டு வாங்குங்கள். வெளியே போயே ஆகவேண்டுமென்றால் உங்களை எழுப்ப வேண்டும். நீங்கள் முதலில் தலையில் கட்டும் விளக்கை நாலாபுறமும் சுழற்றிப் பார்த்து, கண் எதுவும் மின்னாவிட்டால்தான் இறங்குவது. மின்னினால் ஜிப்பை மூடிவிட்டுக் குடுவை. ஷூவை உதறாமல் போடக்கூடாது. தடித்த வாலுள்ள தேள் அங்கே விஷம் மிகுந்தது. மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

குடிநீர் ஆளுக்கு நாளுக்கு நாலு லிட்டர். ஐந்து பேர், மூன்று நாள், 60 லிட்டர். முகாமுக்குப் போகும் வழியில் ஊரிலேயே வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆழ்துளைத் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும், பிரஷர்காரருக்கு ஆகாது.

இனி உங்கள் கேள்விகள். சார்ஜ் ஆகும், பகலில் போடுங்கள், ஒரு பவர் பேங்க் வைத்துக்கொள்ளுங்கள். முடி உலர்த்தி, கெட்டில் வேண்டாம்; 1,500 வாட் இழுத்தால் இன்வெர்ட்டர் விழுந்து முகாமே இருளும். வெந்நீர் விறகுக் கொதிகலனில் காயும், தலைக்கு மேல் தொங்கும் வாளி 20 லிட்டர்தான், அதன் குழாயைத் திறந்து நனைந்து, மூடி, சோப்புப் போட்டு மறுபடி திறக்கவேண்டும். விறகை முகாமிலேயே வாங்குங்கள். கையில் கிடைத்த குச்சியை ஒடித்து அடுப்பில் வைக்காதீர்கள். டமாரா பால்செடியின் பால் நஞ்சு. ஜூலை இரவில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், அப்பாவுக்கு இரண்டு கம்பளி. ஆரஞ்சு, ஆப்பிள் எதுவும் கூடாரத்துக்குள் கூடாது. யானைக்கு மூக்கு நீளம். சரளைச் சாலையில் 80க்கு மேல் போகாதீர்கள், டயர் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், ஸ்டெப்னி இரண்டு இல்லாமல் வண்டி எடுக்காதீர்கள். ஊர் வழிகாட்டி இல்லாமல் ஆற்றுப்படுகையில் வண்டியை இறக்கவே கூடாது.

காலையில் அந்தக் குடுவையைக் கழுவுவது உங்கள் வேலை. உங்கள் மனைவியிடம் தள்ளிவிடாதீர்கள்.