பாலியல் தேர்வைப் படிக்க விரும்பும் மகளும் குடும்பத்தின் அச்சமும்

சென்ற வாரம் படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்த பெற்றோர் இருவரும் மகளின் மதிப்பெண் பட்டியலை மேசைமீது வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். உயிரியலிலும் கணக்கிலும் சிறந்த மதிப்பெண் பெற்ற பெண், மருத்துவம் வேண்டாம், பரிணாமம் மனித நடத்தையை எப்படி வடிவமைத்தது என்பதைத்தான் படிப்பேன் என்கிறாள். அதிலும் தன்னை ஈர்த்தது பாலியல் தேர்வு, அதாவது உயிரினங்கள் துணையை அடையும் போட்டி பரிணாமத்தை வடிவமைப்பது, என்று அவள் சொன்னதைக் கூறும்போது தந்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவளுடைய பெரியப்பா, "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்று உறவினர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டாராம்.

கவலைப்படாதீர்கள் என்று முதலில் சொன்னேன். அதையே சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையாகாது என்பதால் விரைவில் நிறுத்திக்கொண்டேன். மருத்துவம் உயர்ந்த படிப்புதான். ஆனால் விருப்பமில்லாத ஒருவரை அதற்குள் தள்ளினால், அவருடைய இளமையின் பெரும்பகுதியையும் குடும்பத்தின் சேமிப்பையும் பெரியப்பாவின் ஒரு கேள்விக்குப் பதிலாகக் கொடுத்ததாகத்தான் ஆகும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருப்பதால் அவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை.

முதலில் அந்தச் சொல்லின் கூச்சம் தீர வேண்டும். மயில் தோகையின் ஓர் இறகைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்று 1860-இல் ஒரு கடிதத்தில் எழுதியவர் சார்லஸ் டார்வின். உயிர்பிழைக்க உதவாத, சொல்லப்போனால் இடைஞ்சலான ஓர் உறுப்பு எப்படித் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்ற புதிருக்கு 1871-இல் அவர் விரிவாக அளித்த விடைதான் பாலியல் தேர்வு: துணையை அடைவதில் கிடைக்கும் வெற்றியும் பரிணாமத்தைச் செலுத்துகிறது. விலங்கியலாளர் மால்டே ஆண்டர்சன் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், கென்யாவின் புல்வெளியில் வாழும் நெடுவால் பறவைகளில் சில ஆண்களின் வாலை வெட்டி, வேறு சிலவற்றின் வாலில் ஒட்டி நீட்டினார்; வால் நீண்ட ஆண்களின் எல்லைக்குள்தான் பெண் பறவைகள் கூடுதலாகக் கூடு கட்டின. கத்தரிக்கோலும் பசையும் பொறுமையும் கொண்டு செய்த அறிவியல் இது. குரலைத் தாழ்த்த இதில் ஒன்றுமில்லை.

மனிதரிடம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உளவியலாளர் டேவிட் பஸ் 1989-இல் 37 பண்பாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், துணையிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஆனால் வினாத்தாளில் எழுதுவதும் வாழ்க்கையில் செய்வதும் ஒன்றல்லவே. ஆண் பல துணைகளை நாடும், பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் என்று பொதுவிதி வகுத்ததாகக் கருதப்பட்ட பேட்மனின் 1948-ஆம் ஆண்டுப் பழ ஈ ஆய்வைப் பாட்ரிசியா கோவாட்டியின் குழு மீண்டும் செய்து பார்த்து, அதன் முறையிலேயே குறை இருந்ததாக 2012-இல் காட்டியது. ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று காணொளிகளில் அடித்துச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. உங்கள் மகளின் ஆர்வம் அத்தகைய காணொளிகளோடு நின்றுவிடுமானால், நானே வேண்டாம் என்பேன்.

அவளுக்கு நான் சொல்வது, ஆலோசகர்கள் பலர் பெயர்கூடச் சொல்லாத ஒரு துறை: மனித நடத்தைச் சூழலியல். மனிதர் சொல்வதைவிட அவர்கள் செய்வதை எண்ணிப் பார்க்கும் துறை இது. வடக்குத் தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களிடையே மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் உடன் ஆய்ந்தவர்களும், கிழங்கு தோண்டும் முதிய பெண்களின் உழைப்பை மணிக்கணக்கில் அளந்தார்கள். பிள்ளைப்பேறு நின்ற பிறகும் பெண்கள் நெடுநாள் வாழ்வது ஏன் என்ற கேள்விக்கு, பேரக்குழந்தைகளை வளர்க்க உதவுவதற்காகத்தான் என்று விடை சொல்லும் 'பாட்டிக் கருதுகோள்' அங்கிருந்து வலுப்பெற்றது. பின்லாந்து, கனடா நாடுகளின் 18, 19-ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, 50 வயதுக்குப் பின் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு பேரக்குழந்தைகள் கூடுதலாக இருந்ததைக் கண்டது. பழைய பிறப்பு இறப்புக் குறிப்புகளிலிருந்து இத்தகைய உண்மையைப் பிரித்தெடுக்கப் புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும். விலங்கு நடத்தையைக் கவனித்துப் பதிவுசெய்யும் முறைகளை 1974-இல் வகுத்துத் தந்த ஜீன் ஆல்ட்மன் முதலில் கணிதம் படித்தவர்தான். இந்தப் பயிற்சி பெற்றவர்கள் பொதுச் சுகாதாரம், மக்கள்தொகை ஆய்வு, வனவிலங்குக் கணக்கெடுப்பு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் பணிபுரிய முடியும். பேராசிரியர் பதவிகள் குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன்.

பேச்சுக்கு நடுவே தாய், "அப்படியானால் பெரியப்பா மருத்துவம் மருத்துவம் என்பதும் மயில் தோகைதானா?" என்று கேட்டுச் சிரித்தார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் சோதித்துப் பார்க்க வழியில்லாத இத்தகைய சுலபமான விளக்கங்களைத்தான் 1979-இல் பரிணாம அறிவியலாளர்களான கூல்டும் லெவோன்டினும் கடுமையாகச் சாடினார்கள். பெரியப்பாவை விட்டுவிடுவோம்.

செலவில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இளநிலையில் விலங்கியலோ புள்ளியியலோ, கட்டணம் குறைந்த நல்ல கல்லூரியில் படிக்கட்டும். பரிணாமம் என்ற சொல் பாடப்பெயரில் மின்னுகிறது என்பதற்காக வீட்டை அடகு வைத்து ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு அனுப்பாதீர்கள். முனைவர் பட்ட ஆய்வை உதவித்தொகையுடன் மட்டுமே தொடங்க வேண்டும். அது கிடைக்காத ஆண்டில் வேலைக்குப் போகலாம், கடன் வாங்கக் கூடாது.

அவளுடைய நாட்டம் உண்மையானதா என்று தந்தை கேட்டார். அதை நானும் நீங்களும் பேசித் தீர்க்க முடியாது. அவளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, முப்பது நாட்கள், நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரு பறவையையோ அணிலையோ பத்து நிமிடம் விடாமல் கவனித்து, அது செய்வதை மட்டும் எழுதச் சொன்னேன். ஏன் செய்தது என்று ஊகித்து ஒரு வரிகூட எழுதக் கூடாது. முப்பத்தொன்றாம் நாள் அந்தக் குறிப்பேட்டுடன் அவள் தனியாக வரட்டும்.