வழிகாட்டிப் பலகைகளில் பிழை காண்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

நெடுஞ்சாலைகளில் உள்ள வழிகாட்டிப் பலகைகளில் தாங்கள் கண்ட பிழைகளைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவான ஐயங்களைத் தேர்ந்தெடுத்து இங்கே விடை தருகிறோம்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): தஞ்சாவூர் – நாகப்பட்டினம் சாலையில் ஒரு பழைய பலகை 67 என்றும், சற்றுத் தொலைவில் உள்ள புதிய பலகை 83 என்றும் காட்டுகின்றன. எது பிழை? எண் சரியா என்று எங்களைப் போன்றவர்கள் தாமாகவே கண்டுபிடிக்க வழி உண்டா?

83 என்பதே இன்று செல்லுபடியாகும் எண். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி, கரூர், கோவை வழியாகக் கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை வரை சென்ற சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 67 எனப்பட்டது. 2010ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடு முழுவதும் நெடுஞ்சாலை எண்களை மாற்றியமைத்தபோது, நாகப்பட்டினம் – திருச்சிப் பகுதி திண்டுக்கல் வழியாகக் கோவை செல்லும் சாலையோடு இணைக்கப்பட்டு 83 ஆயிற்று. திருச்சி – கரூர் – கோவைப் பகுதி 81இல் சேர்ந்தது. 67 என்ற எண் இப்போது கர்நாடகத்திலிருந்து ஆந்திரத்தின் கிருஷ்ணபட்டினம் துறைமுகம் வரை செல்லும் வேறொரு சாலைக்கு உரியது. ஆகவே அந்தப் பழைய பலகையை எழுதியவர் பிழை செய்யவில்லை. எண் மாறிய பிறகும் அதை அகற்றாமல் விட்டதே பிழை. கும்பகோணம் வழியாக விக்கிரவாண்டி செல்லும் சாலையில் 45சி என்று எழுதியிருந்தால் அது இன்றைய 36. புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் வரும் சாலையில் 45ஏ என்று இருந்தால் அது இன்றைய 32.

எண்ணைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. புதிய முறையில் வடக்கு – தெற்காகச் செல்லும் முதன்மைச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண்களைக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஏறுவரிசையில் கொடுத்திருக்கிறார்கள். கிழக்கு – மேற்காகச் செல்லும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண்களை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஏறுவரிசையில் கொடுத்திருக்கிறார்கள். நம் பகுதியில் இதைக் கண்கூடாகக் காணலாம். கடலோரமாகச் செல்வது 32, அதற்கு மேற்கே கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக மானாமதுரை செல்வது 36, இன்னும் மேற்கே விழுப்புரத்திலிருந்து திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி செல்வது 38. குறுக்கே வரும் சாலைகளில், திருச்சியிலிருந்து கொள்ளிடத்தின் வடகரைப் பக்கமாகச் சிதம்பரம் செல்வது 81, தெற்கே நாகப்பட்டினம் செல்வது 83, அதற்கும் தெற்கே மதுரை வழியாகத் தொண்டிக்குச் செல்வது 85. மூன்று இலக்க எண் இருந்தால் அது ஒரு முதன்மைச் சாலையின் கிளை. கடைசி இரண்டு இலக்கங்கள் எந்தச் சாலையின் கிளை என்பதைச் சொல்லிவிடும். விழுப்புரம் – புதுச்சேரிச் சாலையின் எண் 332 என்றால் அது 32இன் கிளை.

இந்த விதி மிகவும் உதவும் இடம் திருச்சி. 38, 83 ஆகிய இரண்டு சாலைகளும் அந்நகரைத் தொடுகின்றன. எழுதுபவர் கவனக்குறைவால் இலக்கங்களை இடம் மாற்றிவிட்டால், தஞ்சாவூர் செல்ல வேண்டியவர் மதுரைச் சாலையைத் தேடத் தொடங்குவார். தஞ்சாவூர் திருச்சிக்குக் கிழக்கே உள்ளது, ஆகவே ஒற்றைப்படை எண்தான் வர வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பவர் இந்தப் பிழையை ஒரு நொடியில் கண்டுகொள்வார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சாலை முழுவதும் செல்லும் திசையைப் பார்த்தே எண் கொடுத்திருக்கிறார்கள். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 36 ஏறத்தாழக் கிழக்கு – மேற்காகத்தான் கிடக்கிறது. அந்தத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு எண் தவறு என்று எழுதிவிடக் கூடாது.

கேள்வி (மன்னார்குடி வாசகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): ஊர்ப்பெயர்கள் பலகைகளில் படும் பாடு நெஞ்சைப் புண்படுத்துகிறது. எதையெல்லாம் பிழை என்று சுட்டிக்காட்டலாம்?

உங்கள் வருத்தம் எங்களுக்கும் உண்டு. ஓர் ஊரின் பெயரை வெளியூர்க்காரர் முதன்முதலாகப் படிப்பது பெரும்பாலும் பலகையில்தான்; அங்கே தவறாகப் படித்தவர் அதைத் தவறாகவே கொண்டுசெல்கிறார். ஐயத்துக்கு இடமில்லாத பிழைகள் இரண்டு வகைப்படும். முதல் வகை எழுத்து மாறுவது: வேளாங்கண்ணியை 'வேளாங்கன்னி' என்றும், சீர்காழியை 'சீர்காளி' என்றும், அறந்தாங்கியை 'அரந்தாங்கி' என்றும், திருவாரூரின் நெடிலைக் குறிலாக்கித் 'திருவாருர்' என்றும் எழுதுவது. இரண்டாவது வகை ஒற்று விழுந்துபோவது: பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் ஆகிய பெயர்களில் நடுவே உள்ள வல்லின ஒற்றை இடம் போதவில்லை என்று விட்டுவிடுகிறார்கள் போலும். ஒலிப்பே மாறிவிடுவதால் இதையும் சிறு பிழையாகக் கருத முடியாது.

வழக்கு வேறு, பிழை வேறு. கோயில், கோவில் ஆகிய இரண்டும் சரியே. மாயவரம் என்று பழைய கல் ஒன்றில் கண்டால், 1982இல் மயிலாடுதுறை என்று பெயர் மாறுவதற்கு முந்தைய எழுத்து அது என்று கொள்ள வேண்டும்; புதிதாக நட்ட பலகையில் அப்படி இருந்தால் மட்டுமே சுட்டிக்காட்டலாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் நிலைமை கடினமானது. சீர்காழியின் ழகரத்துக்கும் மன்னார்குடியின் 'கு' ஓசைக்கும் ஒவ்வொரு துறையும் ஒவ்வோர் எழுத்தைப் பயன்படுத்தியிருக்கிறது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை 2020 சூன் மாதத்தில் வெளியே வந்தது. எதிர்ப்புகள் எழவே அம்மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே ஆங்கிலத்தில் எது சரி என்று வாதிடுவதைவிட, ஒரே சாலையில் அடுத்தடுத்த பலகைகளில் ஒரே ஊர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். அதை எந்த அதிகாரியும் மறுக்க முடியாது.

இன்னொரு வகையையும் சேர்த்துக்கொள்கிறேன். எழுத்துப் பிழை இல்லாமலேயே ஒரு பெயர் வழிதவறச் செய்யக்கூடும். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை செல்லும் வழியில் சோழபுரம் என்று ஓர் ஊர் உள்ளது. கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைப் பலகையில் சுருக்கிச் 'சோழபுரம்' என்று எழுதினால், பெரிய கோயிலைக் காண வந்தவர் கொள்ளிடத்தைக் கடக்காமலேயே இறங்கிவிடுவார். இடமில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்கலாம், இரண்டு வரியாக எழுதலாம். பெயரை வெட்டக் கூடாது.

கேள்வி (பாபநாசம் வாசகர்): ஒரு பலகையில் கும்பகோணம் 18 கி.மீ. என்று இருந்தது. மூன்று கிலோமீட்டர் சென்ற பிறகு அடுத்த பலகையில் 17 என்று இருக்கிறது. இது எப்படி?

ஒரு பலகை பழைய சாலை வழியாக ஊர் நடுவே உள்ள இடம் வரையிலும், மற்றொன்று புறவழிச்சாலை பிரியும் இடம் வரையிலும் அளந்து எழுதப்பட்டிருந்தால் இப்படி நேரும். சாலையை அகலப்படுத்தும்போது பலகையைப் பிடுங்கிச் சற்றுத் தள்ளி நட்டிருந்தாலும் நேரும். எது தவறு என்று அறிய, எதிர்த்திசைப் பலகையையும் பாருங்கள். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வழியில் எந்த இடத்தில் நின்றாலும் இரு ஊர்களுக்கும் எழுதியுள்ள தொலைவுகளைக் கூட்டினால் ஒரே தொகை வர வேண்டும். எங்கே தொகை மாறுகிறதோ அங்கே உள்ள பலகைதான் ஐயத்துக்குரியது. இன்னும் நுணுக்கமாக அளக்க வேண்டுமானால், கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எழுதி நட்டிருக்கும் சிறு கற்களை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): கிலோமீட்டர் கல்லின் தலை சில இடங்களில் மஞ்சளாகவும் சில இடங்களில் பச்சையாகவும் இருக்கிறதே?

மஞ்சள் தேசிய நெடுஞ்சாலைக்கும், பச்சை மாநில நெடுஞ்சாலைக்கும் உரியவை.

கேள்வி (திருவையாறு வாசகர்): எங்கள் ஊருக்கு வரும் வழியில் உள்ள பாலங்களில் ஆற்றின் பெயர் மாறி எழுதப்பட்டிருந்தால் எப்படி உறுதி செய்வது?

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வடக்கு நோக்கி வரும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்ற வரிசையில் ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். பெயர் ஒலிப்பில் நெருங்கியிருப்பதால் வெண்ணாறும் வெட்டாறும்தான் பலகையில் இடம் மாற வாய்ப்புள்ளவை. வெண்ணாற்றிலிருந்து பிரிந்து அதற்கு வடக்கே ஓடுவது வெட்டாறு என்பதை நினைவில் கொண்டால் ஐயம் தீரும். வெள்ளக் காலத்தில் எந்த ஆற்றுப் பாலம் என்று சரியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், இந்தப் பிழையைக் கண்டவுடன் எழுதிப் போடுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகர்): பிழையைக் கண்டால் யாரிடம் சொல்வது? சொன்னால் திருத்துவார்களா?

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணில் சொல்லலாம். 'ராஜ்மார்க் யாத்ரா' என்ற கைப்பேசிச் செயலியில் படத்துடன் அனுப்பவும் வசதி உண்டு. மாநிலச் சாலை என்றால் அப்பகுதியின் நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கு எழுதலாம், அல்லது முதல்வரின் முகவரி உதவி எண்ணான 1100இல் பதிவு செய்யலாம்.

திருத்துவார்களா என்பது நாம் எப்படி எழுதுகிறோம் என்பதையும் பொறுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துக்க வீட்டுக்கு இரவில் சென்றபோது, கூட்டுச்சாலையை ரவுண்டானாவாக மாற்றிய பிறகும் பழைய இடத்திலேயே நின்ற அம்புக்குறி என்னை வாய்க்கால் கரைச் சாலையில் வெகுதூரம் கொண்டுபோய்விட்டது. ஊர் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். மனம் தாளாமல் மறுநாளே நான் எழுதிய கடிதத்தில் வருத்தம்தான் நிறைய இருந்ததே தவிர, பலகை எந்த இடத்தில் உள்ளது என்பது தெளிவாக இல்லை, பதிலும் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் சாலையின் எண், அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லில் எழுதியிருந்தவை, எந்தத் திசையில் வருபவருக்கு அந்தப் பலகை தெரியும், இப்போது எப்படி உள்ளது, எப்படி இருக்க வேண்டும் என்ற ஐந்தையும் எழுதி ஒரு படத்தையும் இணைத்தேன். சில வாரங்களில் பலகை இடம் மாறியது. கல்லில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதும் பழக்கம் எனக்கு அன்றுதான் வந்தது.

கேள்வி (பட்டுக்கோட்டை வாசகர்): விடுபட்ட ஒற்றை நாங்களே பெயின்டால் எழுதிவிடலாமா?

வேண்டாம். பலகையின் மேல் ஒட்டியிருப்பது முகப்பு விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள். சாதாரண வண்ணம் பட்ட இடத்தில் அது ஒளிராது. பகலில் சரியாகத் தெரியும் பெயர் இரவில் பாதி மறைந்துவிடும். ஒற்று விழுந்த பலகையைப் படம் எடுத்து, மேலே சொன்ன விவரங்களுடன் அனுப்புங்கள். எங்களுக்கும் ஒரு படி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.